முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பங்கு

நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் இன்னும் நல்லது, நம்பாமல் கேட்கிறவன்தான் கடைசி வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறான். நான் சொல்வதில் பாதி பொய் என்று தீத்துவிளைக்காரர்கள் உங்களிடம் சொல்வார்கள், அந்தப் பாதி எது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

செம்மணல் மேடான தேரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற தீத்துவிளையில் ஒரு வேதக்கோயில் உண்டு, கோயிலில் இராப்போஜனம் எடுக்கிறவர்கள் முந்நூற்றுப் பதினான்கு பேர் உண்டு, அவர்களுக்கு வேறெந்தச் சபையிலும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் சபைப் போதகரான ஐயர் வியாதியஸ்தர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசிப்பார், ஒவ்வொரு பெயருக்கும் சபை எழுந்து நின்று ஒரே குரலாய்ச் சொல்லும்: "இவர் சுமப்பதை நான் சுமக்கிறேன்; என்மேல் வையும், ஆண்டவரே." காலராக் காலத்தில் எங்கள் முதல் உபதேசியார் எழுதி வைத்துவிட்டுப் போன வரி அது. அவரும் அந்தக் காலராவிலேயே போய்ச் சேர்ந்தார், அது ஏன் என்று நூறு வருஷமாக யாரும் யோசிக்கவில்லை. அடுப்பில் கொதிக்கிற ஆட்டுக்கறியை நினைத்துக்கொண்டு, முன்பெஞ்சுக்காரியின் புதுச்சேலையின் விலையை நினைத்துக்கொண்டு, எங்கள் தாத்தாமார் சொன்னார்கள், அப்பாமார் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம், ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

அப்புறம் ஈஸ்டர் கழிந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை யோபு வாத்தியாரின் கடைவாய்ப் பல் வலிக்காக அந்த வரியைச் சொன்னோம், சொல்லி உட்கார்ந்தோம், வீங்கியிருந்த வாத்தியாரின் கன்னம் வற்றியது, பெண்கள் பக்கத்தில் அவரைத் தூக்கி வளர்த்த ரோசம்மா பெரியம்மை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெரியம்மைக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது, விழுந்து பதினோரு வருஷம். இல்லாத பல் எட்டு நாள் வலித்தது.

அடுத்த வாரம் மளிகைக்கடை செல்லத்துரை மனைவியின் ஒற்றைத் தலைவலிக்காக ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திச் சொன்னான், தலைவலி அவளைவிட்டு அசையவில்லை. அவள் வீட்டுக்குப் போனதும், "பதினெட்டு வருசம் பொங்கிப் போட்டிருக்கேன், ஒரு தலைவலிக்குக்கூட நான் பெறமாட்டேனா" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள், பிறகு மூன்று மாதம் பேசவில்லை. பாடகர் குழுவில் இருந்த ஒரு பெண்ணின் மஞ்சள் காமாலை ஒரே ஆராதனையில் இறங்கிப்போனது, மறுநாள் காலை பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கண்டக்டர் பிலேமோனின் கண் மஞ்சளாய் இருந்தது, இரண்டு வீட்டாரும் கூடிப் பேசி அவன் கண் வெளுப்பதற்குள் கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசிக்கப்பட்டது. சபை மேலிடத்துக்கு எழுதலாமா என்று கோயில் கமிட்டி மூன்று மணி நேரம் பேசியது. எழுதினால் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், பார்த்தால் வியாதி யார் யாருக்கு வந்தது என்பதோடு யார் யாருக்கு வரவில்லை என்பதையும் குறித்துக்கொண்டு போவார்கள் என்று ஒருவர் சொன்னார், எழுத வேண்டாம் என்று ஏகமனதாய் முடிவாயிற்று. அந்த ஒருவர் நான்தான்.

ஆக, யாருக்கு எது போகும் என்பது சீக்கிரமே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. பிள்ளையின் காய்ச்சல் தாய்க்குப் போகும், தாயின் மூட்டுவலி மகளுக்குப் போகும், அதற்கு மேல் எதுவும் எங்கும் போகாது. ஊர் அதோடு சமாதானமாகிவிட்டது. கறி கொதித்தது, சேலை விலை ஏறியது, வரியைச் சொன்னோம்.

சொல்லாத ஆள் ஒருவன் இருந்தான், தவசிங். பக்கத்து டவுனில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ரத்தம், சளி, மூத்திரம் சோதித்து எழுதிக் கொடுக்கிற வேலை, நாற்பது வயதாகியும் கல்யாணம் இல்லை, ஒரு ஞாயிறு தவறாமல் கடைசிப் பெஞ்சில் வந்து உட்காருவான், பாட்டுப் பாடுவான், பிரசங்கம் கேட்பான், அந்த வரி வரும்போது மட்டும் எழுந்து நின்று வாயை மூடிக்கொள்வான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் ஒரு தடவை, "என்ன மாப்பிள, அந்த நேரத்துக்கு மட்டும் வாயில புண்ணு வந்துருதா" என்று கேட்டேன். "கண்ணாடிக்குக் கீழ கிருமி இருந்தாத்தான் இருக்குன்னு எழுதுவேன் மாமா, இல்லாததை இருக்குன்னு எழுதினா ஒரு ஆளு செத்துருவான்" என்றான். "இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றான். அவனை ஊரில் அவிசுவாசி என்பார்கள், பெண் கொடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஊர் சமாதானமான பிறகு தவசிங்தான் தூங்காமல் அலைந்தான். ஆராதனைக்கு முன்னால் வாசலில் நின்று காய்ச்சல்காரர்களுக்குத் தெர்மாமீட்டர் வைப்பான், முடிந்த பிறகும் வைப்பான், ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுவான். மீன் வியாபாரி ஈசாக்குக்கு நூற்று நாலு டிகிரி அடித்த ஞாயிற்றுக்கிழமை, அவன் மனைவியும் அவன் தங்கையும், தண்ணீர்க் குடச் சண்டையில் ஏழு வருஷமாகப் பேசாத இருவர், ஆளுக்கொரு மூலையிலிருந்து அவனுக்காக மனசார ஜெபித்துவிட்டார்கள். ஈசாக்குக்குக் காய்ச்சல் விட்டது. பெண்கள் இருவருக்கும் ஆளுக்கு நூற்றொன்று. தவசிங் சிறுபிள்ளை மாதிரிக் குதித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். "தொண்ணூத்தெட்டுக்கு மேல ஆறு டிகிரி கூட இருந்தது மாமா, மூணும் மூணுமாப் பிரிஞ்சிருக்கு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மனசார எத்தனை பேரு சொல்லுதாங்களோ அத்தனை பங்கு." நான் அவனுக்கு ஒரு கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்பினேன். அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் காப்பியில் விளக்கெண்ணெய் ஊற்றியிருப்பேன், ஒரு வாரமாவது படுத்துக் கிடந்திருப்பான்.

அந்த ஆவணியில் டெய்சிராணிக்குக் கால் வீங்கியது. கோயில் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கிறவள், இருபத்தொன்பது வயது, தகப்பன் இல்லை, அம்மா சற்குணமும் அவளும்தான். தவசிங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தான், உப்பு ஏறிக் கிடந்தது, இரண்டு கிட்னியும் பழுது. டயாலிசிஸ் என்றால் மதுரைக்குப் போக வேண்டிய காலம், அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவை, அது அவர்களுக்கு நிலாவுக்குப் போகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பெயர் வாசிக்கப்பட்டது, நாங்கள் சொன்னோம், டெய்சிராணியின் கால் வற்றியது, சற்குணத்தின் கால் வீங்கியது. மகளைப் பார்த்து அந்தப் பெண்பிள்ளை சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வாழ்ந்தது போதும் என்கிற சிரிப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் சற்குணம் பெயர் இருந்தது, மகளே எழுதிக் கொடுத்திருந்தாள், வியாதி மகளிடம் திரும்பிப் போனது. அதற்கடுத்த வாரம் தாய் எடுத்தாள். அதற்கடுத்த வாரம் மகள் பிடுங்கினாள். ஆராதனை முடிந்து இருவரும் வேப்பமரத்தடியில் நின்று சண்டை போட்டார்கள், "ஏட்டி, உனக்கு வெக்கமா இல்லையா, தாய் கையில இருக்கதைப் பறிக்கியே" என்பாள் ஒருத்தி, "நீ பெத்ததே நான் பாத்துக்கிட்டு இருக்கதுக்காம்மா" என்பாள் இன்னொருத்தி. ஏழு வாரம் இப்படி அந்த வியாதி இரண்டு வீடு மாறின பூனை மாதிரி அங்கும் இங்கும் போய்வந்தது, போகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொழுத்தது. தவசிங் இருவர் ரத்தத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இனி யாரிடம் இருக்கும்போது நெஞ்சில் நீர் கோக்கிறதோ அவர் செத்தார், கார்த்திகை தாண்டாது என்றான்.

பிறகுதான் அவன் கணக்கு நோட்டோடு எரேமியா ஐயரைப் பார்க்க வந்தான். ஐயர் நல்ல மனுஷன், ஒல்லியான ஆள், நல்ல சாரீரம், எந்த வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாய் நிற்பவர். கமிட்டிக்காரன் என்ற முறையில் நானும் இருந்தேன். தவசிங் சொன்னது இவ்வளவுதான்: தாயும் மகளும் வாய் திறக்காமல் இருக்கட்டும், திறந்தால் முழுசாய் அள்ளிக்கொள்வார்கள், மீதி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் மனசாரச் சொன்னால் ஆளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பங்கு, அது ஒரு நாள் நாக்கில் லேசாய்க் கசக்கும், அவ்வளவுதான், இரண்டு உயிரும் பிழைக்கும்.

"முந்நூறு பேருக்கும் மனசு வரணுமே தம்பி" என்றார் ஐயர்.

"ஒரு கொசுக்கடி ஐயர்வாள். தெருவுல போற நாய்க்குக்கூட அவ்வளவு செய்வோம். அதுக்குமா மனசு வராது?"

"முந்நூற்றுப் பன்னிரண்டுன்னா உம்மையும் சேர்த்தா வே?" என்று நான் கேட்டேன்.

"என்னையும் சேர்த்துத்தான். இப்ப இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே மாமா. இனிச் சொல்லலாம்."

மூன்று வாரம் ஐயர் வீடு வீடாய்ப் போனார். ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. இவ்வளவு சுலபமாய் ஒரு புண்ணியம் எங்கள் வாழ்நாளில் வாய்த்ததில்லை. குறித்த ஞாயிற்றுக்கிழமை அசனம் வைப்பது என்றும் தீர்மானித்தோம், சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து, பதினாறு கிடாய், நான்கு மூடை அரிசி. காலையிலிருந்தே கோயிலுக்குப் பின்னால் தாளிதம் மணத்தது. வியாதி அன்றைக்குச் சற்குணத்திடம் இருந்தது, நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிவந்து முன்னால் வைத்தார்கள், கால்கள் இரண்டும் பதனீர்ப் பானை மாதிரி. டெய்சிராணி பக்கத்தில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள், வாக்குக் கொடுத்திருந்தாள், காப்பாற்றினாள்.

ஐயர் பெயரை வாசித்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுந்தோம், சொன்னோம். கடைசிப் பெஞ்சிலிருந்து பழகாத குரல் ஒன்று அரை வார்த்தை பிந்தி வந்தது. சற்குணத்தின் கால்கள் எங்கள் கண் முன்னால் வற்றின, தோல் சுருங்கியது, கொலுசு கணுக்காலில் இறங்கி ஆடியது. அவள் எழுந்து நடந்தாள். முடிவில் பாடுகிற ஸ்தோத்திரப் பாட்டை அதுவரை நாங்கள் அப்படிப் பாடியதே இல்லை, கிழவர்கள் அழுதார்கள், செல்லத்துரையின் மனைவி செல்லத்துரையைப் பார்த்துச் சிரித்தாள். நான் என் நாக்கைச் சுழற்றிப் பார்த்தேன், கசக்கவில்லை. பக்கத்திலிருந்தவனிடம், "உனக்கு?" என்றேன். "லேசா" என்றான். சரி, எனக்கும் லேசாய்க் கசப்பது போலத்தான் இருந்தது.

பந்தியில் எல்லாரும் உட்கார்ந்தார்கள், தவசிங்கைக் காணோம். கோயில் வாசலில் செருப்பில் காலை நுழைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று யாரோ சொன்னார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனானாம்.

திங்கட்கிழமை அவன் ஊசியும் குழாய்களுமாய்க் கோயில் மண்டபத்தில் வந்து உட்கார்ந்தான், ஆளுக்கு எவ்வளவு பங்கு வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றான். முதல் நாள் வரிசையில் நின்றார்கள். ஐயர்தான் முதலில் கையை நீட்டினார். ஒவ்வொரு ரத்தமாய்ப் பார்த்து ஒவ்வொருவரிடமும், "சுத்தமா இருக்கு" என்றான், டாக்டர் சொன்னால் எவ்வளவு நல்ல வார்த்தை அது. சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கு விளங்கிவிட்டது. மறுநாள் தெருவில் ஒருவரும் நேராக நடக்கவில்லை. நொண்டினார்கள், இடுப்பைப் பிடித்தார்கள், காலில் துணியைச் சுற்றிக்கொண்டார்கள், "ராத்திரி முழுக்க ஒண்ணுக்குப் போகல மைனி" என்று ஒருத்தி சொல்ல, "எனக்கு ரெண்டு நாளா" என்று மற்றவள் சொன்னாள். மண்டபத்துப் பக்கம் மட்டும் யாரும் வரவில்லை. எனக்குக் கதவுக்கு ஒரு கீல் அவசரமாய் வேண்டியிருந்தது, தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன், கீல் தேடி மூன்று நாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை நான் திரும்பி வந்தபோது அவன் ஐயரின் அறையில் உட்கார்ந்திருந்தான். அறுபத்து மூன்று பேரைப் பார்த்ததோடு நிறுத்திவிட்டேன் என்றான்.

"எத்தனை பேருகிட்ட இருக்கு தம்பி?" என்றார் ஐயர்.

"ஒரு ஆளுகிட்ட."

"யாரு?"

தவசிங் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினான். விரலால் அமுக்கினான், அமுக்கின இடம் குழியாகவே நின்றது. முழுசும் அங்கேதான் இருந்தது, ஒரு பங்கு குறையாமல்.

ஐயர் குனிந்து அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்தார். "நானும் சொன்னேனே தம்பி" என்றார்.

"சொன்னீங்க ஐயர்வாள். உங்க ரத்தம் சுத்தமா இருக்கு."

"நான் அப்ப எல்லாரும் எழும்பி நிக்காங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் ஐயர், அதைத் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி.

பொய் சொல்லவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முந்நூற்றுப் பதினோரு பேர் சொல்லும்போது என் ஒரு பங்கு எங்கே போய்விடப் போகிறது என்று நான் நினைத்தேன், என் பக்கத்திலிருந்தவன் நினைத்தான், அவன் பக்கத்திலிருந்தவள் நினைத்தாள். பங்கு அவ்வளவு சின்னதாய் இருந்ததுதான் பிழை. பெரிதாய் இருந்திருந்தால் பத்துப் பேராவது பயந்து யோசித்திருப்பார்கள், யோசித்ததில் இரண்டு பேருக்கு மனசு வந்திருக்கும்.

தாயும் மகளும் அழுதுகொண்டு தவசிங் வீட்டுக்கு ஓடினார்கள். அவனோ நோட்டை விரித்து வைத்துக்கொண்டு சந்தோஷமாய் இருந்தான். "இனி மூணு பேரு இருக்கோம் சித்தி. நீங்க ரெண்டு பேரும் இந்த வாரம் எனக்காகச் சொல்லுங்க, ஆளுக்குப் பாதி. அடுத்த வாரம் டெய்சிகிட்ட உள்ள பாதியை நான் எடுத்துக்கிடுதேன். பாதியோட ஒரு ஆளு ரொம்ப நாள் இருக்கலாம், மாறி மாறி ஒரு ஆளு ஓய்வெடுத்துக்கிடலாம்." சொன்னபடியே நடந்தது. ஒருத்தர் முகம் தெளிய மற்ற இருவர் முகம் ஊத, வாரா வாரம் மூன்று பேரும் எங்கள் முன்னால் இடம் மாறி உட்கார்ந்தார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லக்கூடாது. ஊர் அவர்களைக் கொண்டாடியது. "சுமப்போர் சங்கம்" என்று ஒன்று தொடங்கி, மூன்றே அங்கத்தினர், அதற்கு ஒரு பேனர் எழுதி, கோயில் வருஷ விழாவில் பொன்னாடை போர்த்தினோம், முன்வரிசையில் மெத்தை போட்ட மூன்று நாற்காலி போட்டோம். இப்படியிருக்கையில் யாரோ ஒருவருக்கு ஆஸ்துமா, பெயர் வாசிக்கப்பட்டது, நாங்கள் எல்லாரும் சொன்னோம், ஆஸ்துமா போனது. மூன்றாய்ப் பிரிந்து மெத்தை நாற்காலிகளுக்குப் போயிருந்தது. அந்த மூவர் யார் பெயர் வந்தாலும் மனசாரத்தான் சொன்னார்கள், அவர்களுக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு பட்டியல் நீண்டது. நான்கு பெயர் இருந்த இடத்தில் பதினான்கு, பதினான்கு இருந்த இடத்தில் நாற்பது. வீட்டிலேயே கஷாயம் வைத்துக் குடித்த சளிக்கெல்லாம் பெயர் கொடுத்தார்கள், சர்க்கரை, மூலம், தேமல், தூக்கமின்மை. வெளியூரில் கட்டிக்கொடுத்த பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து குடும்பத்தோடு பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். "அது அவுகளுக்கு ஆண்டவர் குடுத்த வரம், தடுக்க நாம யாரு" என்று ஜெபக்கூட்டத்தில் சொல்லி அழுதார்கள், கண்ணீர் உண்மையான கண்ணீர். என் முழங்கால் வலிக்கு நானும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் போட்டேன். மறுநாள் தேரிமேட்டில் ஏறி இறங்கினேன்.

எரேமியா ஐயர் ஒரு தடவை பட்டியலை வாசிக்க மாட்டேன் என்றார். கமிட்டி கூடி, அடுத்த மே மாதம் அவரை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி எழுத நேரிடும் என்றும், வருகிறவர் எப்படியும் வாசிப்பார் என்றும் பணிவாய்ச் சொன்னது. அவர் தவசிங்கிடம் போய்க் கெஞ்சினார், மற்றவர்கள் பெயர் வரும்போது பழையபடி வாயை மூடிக்கொண்டு இரு தம்பி என்றார்.

தவசிங்கால் அப்போது படுக்க முடியாது, மூச்சு முட்டும், உட்கார்ந்தே தூங்குவான். "இத்தனை வருசம் ஏன் மூடியிருந்தேன் ஐயர்வாள்? வெறுமனே சொல்லக்கூடாதுன்னு. இப்ப ஒருத்தன் வலியோட நிக்கான், நான் சொன்னாப் போவும்னு என் கண்ணால பாத்துட்டேன். இப்ப மூடினா அதுதான் பொய்யி."

"நீ செத்துருவ தம்பி."

"அது நோட்டுலயே இருக்கு" என்றான் தவசிங்.

தை மாதம் இரண்டாம் செவ்வாய் மத்தியானம் செத்தான். அவனிடம் இருந்தது எல்லாம் அவனோடு மண்ணுக்குள் போனது, அதனால் அடக்கத்துக்கு வந்தவர்கள் துக்கத்தோடு ஒரு நிம்மதியோடும் வந்தார்கள், அவனைச் சுமந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் தோள் வலிக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாட்களில் சற்குணம் போனாள். மகளுக்கு முன்னால் போகிறோம் என்ற மட்டில் அவளுக்குச் சந்தோஷம்தான். அந்த இரண்டு மாதத்தில் எங்கள் சுற்று வட்டாரத்திலேயே ஆரோக்கியமான ஊர் தீத்துவிளைதான் என்று அரசாங்க நர்ஸம்மா சொன்னாள், மாத்திரைப் பெட்டியைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துப் போனாள். மீதி இருந்தது ஒரே நாற்காலி. பட்டியலில் நாற்பத்தாறு பெயர்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வாரம் டெய்சிராணி நாற்காலியில் இருந்து சரிந்தாள். கண் மஞ்சள், கை நடுக்கம், நெஞ்சில் நீர், ஊர் முழுக்க அந்த முப்பதுகூட ஆகாத உடம்பில் இருந்தது, உற்றுப் பார்த்தால் அவள் இருமலில் யாருடைய இருமல் என்றுகூட அடையாளம் சொல்லலாம். வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே வரவேண்டும் என்று கேட்டுத் தூக்கிவரச் சொன்னாள். குருத்தோலைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

ஐயர் பிரசங்கம் செய்யவில்லை. பட்டியலை எடுத்தார், நாலாய் மடித்து அங்கிக்குள் வைத்தார், ஒரே ஒரு பெயரை வாசித்தார். "டெய்சிராணி." நாங்கள் எழுந்தோம், வாயைத் திறந்தோம். ஐயர் கையைத் தூக்கினார்.

"பொறுங்க. இன்னைக்கு மனசு உள்ளவங்க மட்டும் சொல்லுங்க. பத்துப் பேரு இருந்தாக்கூட அவ பிழைச்சிருவா. இல்லாதவங்க தயவுசெஞ்சு சொல்லாதீங்க, நான் கோவிக்க மாட்டேன், யாரும் கோவிக்க மாட்டாங்க. சும்மா நில்லுங்க, போதும்."

நின்றோம். மேலே மின்விசிறி சுற்றியது, ஓலைகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன, பிறகு ஓலைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். என் முழங்கால் இரண்டும் திடமாய் இருந்தன, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளைப் பிழைக்க வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது, சத்தியமாய் இருந்தது, எல்லாருக்கும் இருந்தது. முந்நூறு பேரும் அவரவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் கோயிலில் யாரும் பொய் சொல்லாத ஆராதனை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் ஐயரே பீடத்தின் படியிலிருந்து இறங்கி அவள் எதிரில் வந்து நின்றார். அந்த நல்ல சாரீரம் உடைந்து, ஒவ்வொரு சொல்லாய், தரையிலிருந்து பொறுக்கி எடுக்கிற மாதிரிச் சொன்னார்.

"இவள் சுமப்பதை... நான் சுமக்கிறேன். என்மேல் வையும். ஆண்டவரே."

சொல்லிவிட்டுக் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அங்கிக்குக் கீழே ஒல்லிக் கணுக்கால் இரண்டும் எலும்பு துருத்திக்கொண்டு அப்படியே இருந்தன. அவர் இன்னொரு தடவை சொன்னார், இன்னொரு தடவை பார்த்தார். மூன்றாம் தடவை சொல்லும்போது அவர் அழுதார், அப்போதும் பார்த்தார்.

டெய்சிராணி நாற்காலியில் சாய்ந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விட்டு விட்டுத்தான் அவளால் பேச முடிந்தது, கோயில் அவ்வளவு அமைதியாய் இருந்ததால் கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"பரவாயில்ல ஐயர்வாள்" என்றாள். "எவ்வளவு நேரம் நிப்பீங்க. உக்காருங்க."